சுண்ணாம்புக் கோட்டில் ஒரு ஸ்டேடியம்

1

இந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒட்டுக்கேட்டேன். காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெரியவர்கள் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஏதோ ஒரு ஸ்டேடியத்தைப் பற்றிய சண்டை. மேற்கு கேலரியில் உட்கார்ந்தால் வெயில் முதுகுக்குப் போய்விடும், ஆட்டம் துல்லியமாகத் தெரியும் என்றார் ஒருவர். அதே கேலரியின் மேல் படியில்தான் தான் உட்கார்ந்ததாகவும், கீழ்ப் படிக்காரர்களின் தலை மறைத்து ஒன்றுமே தெரியவில்லை என்றும் சொன்னார் மற்றவர். படிக்கட்டில் உட்கார்ந்தவனுக்குக் கீழே இருப்பவன் தலை எப்படி மறைக்கும் என்று முதலாமவர் மடக்கினார். மற்றவர் சிரித்துவிட்டார்.

"படி எங்கபா இருந்துது?"

முதலாமவரும் கொஞ்சம் யோசித்து, "அதான?" என்றார். இருவரும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார்கள். எனக்கு இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது.

பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் விசாரித்தேன். துண்டு துண்டாகக் கிடைத்தது. கிடைக்காத இடங்களை நானே நெய்துகொண்டேன். எது கிடைத்தது, எது நெய்தது என்று இப்போது எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"எழுபதுகளின் தொடக்கத்தில் வேகவதி கால்பந்துக் கழகத்தின் செயற்குழு கூடி, காஞ்சிபுரத்துக்கு ஒரு ஸ்டேடியம் அமைப்பதென்று ஏகமனதாக—"

ஆண்டறிக்கை வாசிப்பது போல இருந்ததால் விட்டுவிட்டேன். அடுத்தது:

"வேகவதியில் தண்ணீர் வந்தால் ஆட்டம் நின்றுவிடும்."

இது பரவாயில்லை. பொய்யும் இல்லை. அந்தக் கழகத்துக்கு மைதானம் என்று ஒன்று கிடையாது. ஊர் ஓரமாக ஓடும், பெரும்பாலும் ஓடாத, வேகவதி ஆற்றின் மணலில்தான் ஆடினார்கள். ஆடியவர்களில் பாதிப்பேர் நெசவாளர்கள். காலை முதல் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் ஆட்கள் சாயங்காலம் அந்தக் காலை வெளியே எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடி வந்தார்கள். (அவர்கள் ஆட்டத்தைப் பார்த்த ஒருவர் என்னிடம் சொன்னார்: பந்து கிடைக்கிறதோ இல்லையோ, ஓட்டம் மட்டும் நிற்காது.) மணலில் பந்து உருளாது. வெளியூர் அணிகள் ஒரு தடவை வந்தால் மறுதடவை வர யோசித்தன. அதனால் ஸ்டேடியம்.

ஆனால் இந்த வாக்கியத்தையும் அடித்துவிட்டேன். ஆற்றில் ஆரம்பித்தால் கதை ஆண்களோடு ஓடிப்போய்விடுகிறது. எனக்கு வேண்டியவள் கரையில் நிற்கிறாள். ஆகவே மூன்றாவது ஆரம்பம், இதுவே இருக்கட்டும்.

3

திரிசலா அதுவரை ஒரு கால்பந்தாட்டம்கூடப் பார்த்ததில்லை.

திருப்பருத்திக்குன்றத்தில் அவளுக்கு வேகவதிக் கரையை ஒட்டி நாலு ஏக்கர் நிலம் இருந்தது. சமண வேளாண் குடும்பம். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்த வயது. நிலத்து ஓரத்திலேயே சின்ன ஓட்டு வீட்டில் தனியாக இருந்தாள். தம்பி குந்துநாதன் ஊருக்குள் தானிய மண்டி வைத்திருந்தான், மனைவி மக்களோடு. அவன்தான் வேகவதிக் கழகத்தின் செயலாளர்; கோல் காப்பவனும் அவனே. தாயில்லாமல் அக்கா கையில் வளர்ந்தவன்.

ஒருநாள் மத்தியானம் அவன் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தான். ஒருவர் ராஜகோபால், பட்டு ஜவுளிக்கடை முதலாளி, கழகத்தின் தலைவர். மற்றவர் மயில்வாகனம். சேலைக் கரைகளுக்கும் முந்தானைகளுக்கும் டிசைன் போடுகிறவர். ஸ்டேடியத்தின் படத்தை வரைய வேறு ஆள் கிடைக்காமல் அவரைப் பிடித்திருந்தார்கள். அவரும் தனக்குத் தெரிந்தபடி, கட்டம் போட்ட கிராஃப் தாளில், கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டி வரைந்திருந்தார்.

திரிசலா அந்தத் தாளைத் தரையில் விரித்துப் பார்த்தாள். நடுவில் பச்சையாக ஒரு நீள்சதுரம். நாலு பக்கமும் படிப்படியாக ஏறும் அரக்குச் சிவப்பு. மேலே சின்னச் சின்ன முக்கோணங்களாகக் கொடிகள். ஒரு முகூர்த்தச் சேலையை விரித்துப் பார்ப்பது போலவே இருந்தது அவளுக்கு. அது தன் நிலம் என்பது புரிய கொஞ்ச நேரம் ஆனது.

ராஜகோபால் பேசினார். ஊருக்குக் கோயில் இருக்கிறது, பட்டு இருக்கிறது, இளைஞர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். மேடு பள்ளம் இல்லாத இந்த இடம்போல வேறெங்கும் கிடைக்கவில்லை, நியாயமான விலை கொடுப்போம் என்றார். குந்துநாதன் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரிசலா வெகுநேரம் தாளைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"இதுல பொம்பளைங்க எங்க உக்காருவாங்க?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்கள் வருவார்கள் என்றே அவர்கள் நினைக்கவில்லை. மயில்வாகனம்தான் சுதாரித்தார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, மேற்குப் பக்கத்தில் ஒரு பகுதியைத் தடுத்துக் கோடு போட்டார்.

"இங்கம்மா. லேடீஸ் கேலரி. வெயிலு மூஞ்சில அடிக்காது."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டாள். ஆனால் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

4

இங்கே நான் நின்றுவிட்டேன், பல வாரம். திரிசலா ஏன் தனியாக இருக்கிறாள் என்று வாசகர் கேட்பார். காரணம் கிடைத்திருக்கிறது: கணவர் அனந்தநாதன் துறவு பூண்டு கன்னட தேசத்துப் பக்கம் போய்விட்டார். போகும் முன் நிலத்தை மனைவி பேருக்கு மாற்றி வைத்தார். அவள் குற்றம் ஒன்றுமில்லை, அவளுக்கும் இதுதான் நல்லது, அவள் பொருட்டும் சேர்த்துத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

உடனே என் பேனா எழுதியது: "அன்று முதல் அவள் ஒவ்வொரு மாலையும் வரப்பின் ஓரம் நின்று அவர் போன திசையையே—"

வேண்டாம். அப்படி நின்றதாக யாரும் சொல்லவில்லை. நின்றிருந்தால் வேர்க்கடலையில் களை மண்டியிருக்கும். அவள் நிலம் அந்தப் பக்கத்திலேயே சுத்தமான நிலம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவள் விதைத்தாள், கூலியாட்களோடு தானும் குனிந்து களையெடுத்தாள், அறுத்தாள், விற்றாள். யாரிடமும் போய் நிற்கவில்லை. அந்த நாலு ஏக்கர்தான் அவளை யாரிடமும் போய் நிற்கவிடாமல் வைத்திருந்தது.*

(* ஆகவே நிலத்தைக் கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்று குந்துநாதனுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டான். ஆசை அப்படி. அவனை நான் குறை சொல்லப் போவதில்லை.)

5

பதில் சொல்லும் முன் ஆட்டம் என்றால் என்னவென்று பார்க்க வேண்டும் என்றாள் திரிசலா. துணைக்கு லோகாம்பாளைக் கூட்டிக்கொண்டாள். லோகாம்பாள், கழகத்தின் நடு முன்கள ஆட்டக்காரன் பரசுராமனின் மனைவி. பரசுராமன் தறியில் உட்கார, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவளும் கணவன் ஆடிப் பார்த்ததில்லை.

இரண்டு பெண்களும் ஆற்றங்கரையில் ஒரு பனைமரத்தடியில் நின்றார்கள். கரையில் இருந்த ஆண்கள் பாதி நேரம் ஆட்டத்தையும் பாதி நேரம் இவர்களையும் பார்த்தார்கள். யாரோ ஒருவர் வந்து, இங்கே நின்றால் பந்து மேலே படும் என்று மரியாதையாக விரட்டினார். நகர்ந்து நின்றார்கள். அங்கும் ஒருவர் வந்தார்.

இதற்கிடையில் திரிசலா ஒன்றைப் பார்த்தாள். அவள் தம்பி, மண்டியில் மூட்டைக்கு நடுவே நிதானமாக நடக்கிறவன், சோற்றை மெல்ல மெல்லச் சாப்பிடுகிறவன், இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே நின்றிருந்தான். எதிரே ஒருவன் ஓங்கி உதைத்தான். குந்துநாதன் தரையை விட்டுக் கிளம்பினான். கையை நீட்டி, உடம்பை நீட்டி, படுத்த வாக்கில் காற்றில் இருந்தான். எவ்வளவு நேரம் இருந்தான் என்று திரிசலாவால் சொல்ல முடியவில்லை. மாலை வெளிச்சம் அவனுக்குக் கீழே, மணலுக்கும் அவனுக்கும் நடுவில், புகுந்து போவதைப் பார்த்ததாகப் பின்னாளில் லோகாம்பாளிடம் சொன்னாள். பிறகு அவன் பந்தோடு மணலில் விழுந்து எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு பழையபடி நிதானமான மனிதன் ஆகிவிட்டான்.

திரும்பி நடக்கும்போது லோகாம்பாள்தான் பேசினாள்.

"யக்கா, நம்ம எப்பவும் தரையிலயே குந்திக்கினு இருக்கோம். தார் சுத்தறதும் தரையில, களையெடுக்கறதும் தரையில. அந்த படத்துல போட்டுகிற மாதிரி ஒசரத்துல உக்காந்து பாத்தா எப்டி இருக்கும்?"

 அன்று மாலை திரிசலா, சமணர் வழக்கப்படி விளக்கு வைப்பதற்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிட்டு, கிராஃப் தாளை மறுபடி விரித்தாள். மேற்குப் பக்கத்துப் பென்சில் கோட்டின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக ஏறினாள்.

6

அவள் சொன்ன பதில் இதுதான்: கடலை அறுவடையாகட்டும், அதன் பிறகு ஸ்டேடியத்தை முதலில் நிலத்தில் வரைந்து காட்டுங்கள், எம்மாம் பெருசு என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

கழகத்தாருக்கு இது நல்ல யோசனையாகப் பட்டது. வரைந்ததோடு விடாமல், அரக்கோணத்து அணியை அழைத்து அங்கேயே ஓர் ஆட்டமும் வைத்துவிடலாம், ஊரே வந்து பார்க்கும் என்றார் ராஜகோபால்.

சித்திரையில் அறுவடை முடிந்தது. நிலத்தை உழுது, பரம்படித்துச் சமப்படுத்தினார்கள். காளவாயிலிருந்து சுண்ணாம்பு வண்டியில் வந்தது. கோடு நேராக விழ, பரசுராமன் தறி வீடுகளிலிருந்து கழிவு நூலை முறுக்கிக் கொண்டுவந்தான். இரண்டு முனையிலும் ஆள் நின்று நூலை இழுத்துப் பிடிக்க, நடுவில் சுண்ணாம்பைத் தூவிக்கொண்டு போனார்கள். மயில்வாகனம் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கட்டத்துக்கு ஓர் அளவுகோல் நீளம் என்று கத்திக்கொண்டிருந்தார்.

முதலில் ஆடுகளம். பிறகு அதைச் சுற்றிப் படிகள்: ஒரு கோடு ஒரு படி. நாலு பக்கமும் கோட்டுக்குப் பின் கோடு. மூலைகளில் படிக்கட்டு வழி. ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறை. டிக்கெட் கொடுக்கும் இடம். வெளிமதில். மதிலில் வாசலுக்காகக் கோட்டை விட்டுவிட்டுப் போட்டார்கள். மத்தியானம் ஒரு மாடு மதிலைத் தாண்டி உள்ளே வந்து மேய இடம் தேடியது. மயில்வாகனம் அதைத் திட்டவில்லை. கயிற்றைப் பிடித்து வாசல் வழியாக வெளியே அழைத்துப் போய்விட்டார்.

(இந்த மாடு எனக்குக் கிடைத்ததா, நான் சேர்த்ததா? சேர்த்தது என்றால் எடுத்துவிட வேண்டும். எடுக்க மனம் வரவில்லை.)

வேலை முடிந்ததும் எல்லோரும் ஆற்றங்கரை மேட்டில் ஏறி நின்று பார்த்தார்கள். சிவந்த மண்ணில் வெள்ளைக் கோடுகள் வரிவரியாக ஓடின.  நாலு ஏக்கர் அப்படியொரு அளவாக இருக்கும் என்று அந்த நிலத்தின் சொந்தக்காரிக்கே தெரியாது.

7

ஆட்ட நாள். இதை எழுதத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். அதனால் பயமாக இருக்கிறது.

ஜனங்கள் வந்தார்கள். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள், தாமலிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். நாலு பக்கமும் திறந்து கிடக்கிற நிலம். எந்தப் பக்கமும் நுழையலாம். ஆனால் யாரும் நுழையவில்லை. கோடு விட்டிருந்த வாசலில் வரிசையாக நின்று, ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். முதலில் வந்த யாரோ விளையாட்டாகச் செய்திருக்க வேண்டும். பின்னால் வந்தவர்கள் அதை விளையாட்டென்று எடுத்துக்கொள்ளவில்லை.

கேலரிக்குப் போனவர்கள் மூலையில் இருந்த படிக்கட்டு வழியாகப் போனார்கள். ஒரு கோட்டைத் தாண்டும்போது காலை உயர்த்தினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்கள். வயதான ஒருவர் பாதி வழியில் ஒரு கோட்டில் நின்று மூச்சு வாங்கினார். மேல் படியில், அதாவது கடைசிக் கோட்டில், உட்கார்ந்த ஒருவர் கையை நெற்றியில் வைத்து, இங்கேயிருந்து பார்த்தால் வரதராஜப் பெருமாள் கோயில் கோபுரம் தெரிகிறது என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள்.

லேடீஸ் கேலரியில் திரிசலாவும் லோகாம்பாளும் மட்டும்தான் இருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். தறி வீடுகளிலிருந்து பெண்கள் கூட்டமாக வந்தார்கள். தலைவாரி, பூ வைத்துக்கொண்டு, கோயிலுக்குப் போவதுபோல வந்தார்கள். அங்கே யாரும் அவர்களை நகரச் சொல்லவில்லை. கோடு இருந்தது.

ராஜகோபால் பேச எழுந்தார். நன்றி சொன்னார், வரலாறு சொன்னார், வருங்காலம் சொன்னார். வெயில் இறங்க இறங்கப் பேசினார். திரிசலா மடியில் ஒரு தூக்கில் தம்பிக்குச் சோறு வைத்திருந்தாள். பொழுது சாய்வதற்குள் அவன் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் காலை வரை பட்டினிதான். அவள் சூரியனைப் பார்த்தாள், ராஜகோபாலைப் பார்த்தாள். ஒருவழியாக ஆட்டம் தொடங்கியது.

மணலில் ஓடிப் பழகிய கால்களுக்குக் கெட்டி நிலம் கிடைத்ததும் பரசுராமனும் மற்றவர்களும் பறந்தார்கள். பந்து உருண்டது. இத்தனை காலமாகத் தாங்கள் மெதுவாக ஓடுகிறவர்கள் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். அவர்களுடைய ஆச்சரியம் எல்லாப் பக்கத்துக் கேலரிக்கும் பரவியது. புழுதி எழுந்து, வெயில் அதற்குள் புகுந்து, தங்க ஜரிகையைப் பிய்த்துப் போட்டது போல எங்கும் தொங்கியது. அதன் நடுவில் ஆட்கள் இருந்தார்கள், மறைந்தார்கள், வேறிடத்தில் இருந்தார்கள்.

ஆட்டம் முடியப் போகும் நேரம். திரிசலா கீழ்ப் படியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். லோகாம்பாள் எங்கே என்று கேட்டதற்கு, மேலே போய்ப் பார்க்கிறேன் என்றாள். சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கோட்டைத் தாண்டினாள். அடுத்த கோடு. அடுத்தது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நின்று, திரும்பி ஆடுகளத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. அவள் லோகாம்பாளிடம் சத்தியம் செய்து சொன்னாள் அதை. கடைசிக் கோட்டில் நின்றபோது அவளுடைய தலைக்குச் சமமாக ஒரு கொக்குக் கூட்டம் போயிற்று.

அந்தச் சமயத்தில் அரக்கோணத்துக்காரன் ஒருவன் சாதாரணமாக ஓர் உதை உதைத்தான். குந்துநாதன் அசையவில்லை. பந்து அவனைத் தாண்டிப் போயிற்று. காஞ்சிபுரம் தோற்றது.

8

எல்லோரும் வாசல் வழியாக வெளியே போனார்கள். நிலத்தில் அக்காவும் தம்பியும் மட்டும் இருந்தார்கள். சூரியன் போய்விட்டது, வெளிச்சம் இன்னும் போகவில்லை. தூக்கில் சோறு அப்படியே இருந்தது.

அந்த உதையை ஏன் விட்டாய் என்று அவள் கேட்டாள். நீ மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றான். அவள் சிரித்தாள். வெகுகாலமாக அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

"நாளைக்கி ராஜகோபாலை வரச்சொல்லு. கையெழுத்து போட்டுட்றேன்."

"வேணாங்கா."

"இன்னா வேணாம்?"

"நெலத்த குடுக்க வேணாம். குடுத்துட்டா உனக்கு இன்னா இருக்குது? என் வூட்ல வந்து இருக்கணும். நீ இருக்கமாட்ட. எனக்குத் தெரியும். உனக்காகத்தான் சொல்றேன்."

திரிசலா சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.  பேசியபோது குரல் உயரவே இல்லை.

"நீ மொதல்ல வந்து கேட்டப்ப எனக்கு ஆசை கெடையாது. நீதான் படத்த காட்டின. ஆசை வந்தப்புறம் உனக்காகத்தான் வேணான்றேன்னு சொல்ற. உங்க மாமாவும் அப்டித்தான் சொல்லிட்டு போனாரு. எனக்காக எனக்காகன்னு எல்லாரும் வுட்டுட்டு போறீங்களே, என்னைய யாராவது கேட்டீங்களாபா?"

அவன் நின்றுகொண்டே இருந்தான். அவள் தூக்கை எடுத்துக்கொண்டு, வாசல் வரை போகாமல், மதில் கோட்டைக் குறுக்காகத் தாண்டி வீட்டுக்குப் போனாள்.

(இங்கே குந்துநாதனுக்கு ஒரு பதில் எழுதிப் பார்த்தேன். பல பதில்கள். எல்லாவற்றிலும் அவன் என்னைப் போலப் பேசினான். அவன் பதில் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.)

9

மறுநாள் குந்துநாதன் ராஜகோபாலிடம் போய், நிலம் விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டான். அக்காவைக் கேட்காமல். ராஜகோபால் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தான். அவர் நாற்காலியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். ஸ்டேடியத்தைக் கோட்டில் பார்த்த நேரத்திலிருந்தே அவருக்குத் தூக்கம் இல்லையாம். அவ்வளவு பெரிதைக் கட்டி, அதை நிரப்புவது யார் என்ற பயம். நிரம்பியதை அவரே பார்த்திருந்தார். பயம் அதனால் குறையவில்லை.

கழகம் ஆற்று மணலுக்கே திரும்பியது. மயில்வாகனம் அந்த டிசைனை ஒரு சேலைக்கு மாற்றினார் என்று சொல்கிறார்கள். அந்தச் சேலையைத் தேடிப் பார்த்தேன். இல்லை.

திரிசலா தம்பியோடு பேசுவதை நிறுத்தினாள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் லோகாம்பாளிடம் சொல்வாள்; அது பரசுராமன் வழியாக மண்டிக்குப் போகும். குந்துநாதன் வந்தால் வீட்டுக்குள் ஏதோ வேலையாக இருப்பாள். அவன் வாசலில் நின்றுவிட்டுப் போவான். கோடை மழை பெய்து கோடுகள் கரைந்தன.

முடிவு ஒன்று: அப்படியே இருந்துவிட்டார்கள். நடக்கக்கூடியதுதான். ஆனால் நடக்கவில்லை.

முடிவு இரண்டு: தம்பிக்கு உடம்பு சரியில்லாமல் போக, அக்கா ஓடி வந்து— இதை எழுதிய தாளை உடனே கிழித்தேன். ஒரு நல்ல கோல்காரனைச் சமாதானத்துக்காகக் காய்ச்சலில் படுக்க வைக்க எனக்கு உரிமை இல்லை.

நடந்தது இது. ஆடி மாதம் விதைப்புக்கு முன்னால் திரிசலா ஆற்று வண்டலை வண்டி வண்டியாக அடித்தாள். நிலத்தின் மேற்குக் கோடியில் கொட்டச் சொன்னாள். லோகாம்பாளும் தறி வீட்டுப் பெண்களும் வேலை ஒழிந்த பொழுதுகளில் வந்தார்கள். மண்ணைக் குழைத்து, மிதித்து, சுவர் வைப்பதுபோல அடுக்கடுக்காக வைத்து, காயவிட்டு, மறுபடி வைத்தார்கள். பார்த்தவர்கள் களம் போடுகிறாள் என்றார்கள், கொட்டகை போடுகிறாள் என்றார்கள். அவள் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

படிகள். மண் படிகள். பத்துப் பதினைந்து பேர் உட்காரலாம். மேல் படி ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. அந்தப் பெரிய ஸ்டேடியத்தில் கட்டப்பட்டது இந்த ஒரு பகுதிதான்.

மீதி நிலம் முழுக்க வேர்க்கடலை விதைத்தாள்.

கடலைக்காட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு கேலரி. ஊர் சிரித்தது. செடி வளர்வதைக் கைதட்டிப் பார்ப்பார்களா என்று கேட்டார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெண்கள் ஏறி உட்கார்ந்தார்கள். திரிசலா கடைசியாக ஏறினாள், மேல் படிக்கு. உட்கார்ந்து நிமிர்ந்தபோதுதான் அது மற்றவர்களுக்கும் தெரிந்தது. அவளுக்கு முன்பே தெரியுமா, தற்செயலா என்று நான் கேட்ட யாராலும் சொல்ல முடியவில்லை. கடலைச் செடிகளுக்கு மேல், ஆற்றங்கரை மேட்டுக்கு மேல், பார்வை தாண்டிப் போயிற்று. அந்தப் பக்கம் வேகவதியின் மணல் முழுக்கத் தெரிந்தது. மணலில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பரசுராமன் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தான், லோகாம்பாளின் சுண்டு விரல் உயரத்தில்.

சொந்த நிலத்தில் சொந்தப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். நகர்ந்து நில் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

10

இனி ஒரு பத்திதான் இருக்கிறது. அதை எழுதும் தைரியம் எனக்கு இல்லை. தூரத்தை மட்டும் சொல்கிறேன்.

குந்துநாதன் மூங்கில் கழிகளுக்கு நடுவே நிற்கிறான். அவன் முகம் மேற்கே. கரை மேட்டுக்கு மேல், வெறும் வானம் இருக்க வேண்டிய இடத்தில், பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வெயில் அவர்களுக்குப் பின்னால் இருப்பதால் முகங்கள் தெரியவில்லை. ஆனால் எல்லோருக்கும் மேலே ஒருத்தி இருக்கிறாள். உட்காரும் விதத்தை வைத்தே அவனுக்குத் தெரிகிறது. அவன் கை தானாகக் கீழே இறங்குகிறது. பந்து அவன் பக்கம் உதைக்கப்பட்டுவிட்டது. அதை அவன் இன்னும் பார்க்கவில்லை.

திரிசலா பார்த்துவிட்டாள். படியில் எழுந்து நிற்கிறாள். அத்தனை மாதம் அவனிடம் ஒரு சொல்லும் பேசாதவள், இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொள்கிறாள்.

அவள் கத்தினாள் என்று எல்லோரும் சொன்னார்கள். என்ன சொல்லிக் கத்தினாள் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். பேரைச் சொன்னாள் என்றார்கள், திட்டினாள் என்றார்கள், சிரித்தாள் என்று ஒருவர் சொன்னார். எனக்கு எதையும் எடுத்துக்கொள்ள மனமில்லை. உங்களுக்கு ஒரு தம்பியோ அக்காவோ இருந்தால், பேசி நாளாகியிருந்தால், என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். சீக்கிரம் சொல்லுங்கள். பந்து பாதி வழி வந்துவிட்டது.